கரண்டியை அளந்த கணக்கு: கலப்பு இன்சுலினிலிருந்து மாறிய ஒன்பது மாதங்கள்

எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டியில் என் மனைவி ஒரு முறை அள்ளி வைத்தால் 90 கிராம் சாதம் வருகிறது. அதே கரண்டியில் நான் அள்ளினால் 70 கிராம்தான் வருகிறது. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கரண்டியால் பரிமாறிச் சாப்பிட்டும், அதில் பதினாறு ஆண்டுகள் சர்க்கரை நோயாளியாக இருந்து சாப்பிட்டும், இந்த வேறுபாடு எனக்குத் தெரியாமலே இருந்தது. 2024 ஆகஸ்டு மாதம் இன்சுலின் முறையை மாற்றியபோதுதான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வந்தது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் எதையும் நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஒன்பது மாதக் குறிப்புகளிலிருந்து, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுடன் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்குப் பயன்படும் என்று நான் கருதுகிறவற்றை இங்கே எழுதுகிறேன். இதில் வரும் யூனிட் எண்கள் என் உடம்பைப் பார்த்து என் மருத்துவர் வைத்தவை. அவற்றை வேறொருவர் அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. அளக்கும் முறையை மட்டும் எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து ஆண்டுகளாக நான் போட்டுக்கொண்டிருந்தது முப்பதுக்கு எழுபது என்று கடைக்காரர்கள் சொல்லும் கலப்பு இன்சுலின். அதில் 30 பங்கு விரைவில் வேலை செய்யும் சாதாரண இன்சுலின். 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் பால் போன்ற கலங்கல் இன்சுலின். டென்மார்க்கின் ஹேகடோர்ன் குழுவினர் 1946-இல் உருவாக்கிய இந்தக் கலங்கலில், மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் புரோட்டமைன் என்ற புரதம் இன்சுலினைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவிக்கிறது. மீன் பிடிக்கும் ஊரில் இருந்துகொண்டு இத்தனை நாள் இதை அறியாமல் இருந்திருக்கிறேனே என்று படித்தபோது வியப்பாக இருந்தது. காலையில் 28 யூனிட், இரவில் 18 யூனிட், இரண்டையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். பாட்டிலை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி, கலங்கல் சீராகப் பரவிய பிறகே மருந்தை இழுக்க வேண்டும்.

இந்த முறையில் எனக்கு நேர்ந்த தொல்லை இரண்டு வகைப்பட்டது. காலையில் போட்ட ஊசியின் எழுபது பங்கு நண்பகலில் உச்சத்துக்கு வரும் என்பதால், ஒரு மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும். தணிக்கை நாட்களில் சாப்பாடு இரண்டரை மணிக்குத் தள்ளிப்போனால், கை நடுங்கி, பேரேட்டில் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். இரவு ஊசியின் உச்சம் நள்ளிரவுக்குப் பின் வந்தது. ஜூலை மாதத்தில் இரண்டு முறை அதிகாலை மூன்று மணிக்குப் பனியன் நனைந்து விழித்தேன். சர்க்கரை ஒரு முறை 58, இன்னொரு முறை 63. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் அதே மாதம் 9.2 வந்தது. சர்க்கரை ஏறியும் கிடக்கிறது, இறங்கியும் கவிழ்க்கிறது என்றால் மருந்தின் அளவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. மருந்து வேலை செய்யும் நேரமும் நான் சாப்பிடும் நேரமும் ஒத்துப்போகவில்லை என்று புதுச்சேரியில் நான் பார்க்கும் மருத்துவர் சொன்னார்.

அவர் முதலில் என் சட்டையைத் தூக்கச் சொல்லித் தொப்புளைச் சுற்றி விரல்களால் அழுத்திப் பார்த்தார். தொப்புளுக்கு வலப்பக்கம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு மெத்தென்ற தடிப்பு இருந்தது. அங்கே ஊசி வலிக்காது என்பதால் நான் விரும்பிப் போட்டுவந்த இடம் அது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இன்சுலின் இறங்குவதால் கொழுப்பு திரண்டு உண்டாகும் தடிப்பு அது என்றும், அதற்குள் போடும் மருந்து ஒரு நாள் உறிஞ்சப்படும், ஒரு நாள் தேங்கும் என்றும் விளக்கினார். இன்றுவரை அந்த இடத்தை நான் தொடவில்லை. வயிற்றை நான்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பகுதி என்று மாற்றி, ஒவ்வொரு குத்துக்கும் இடையில் ஒரு விரல் அகலம் விட்டுப் போட்டுவருகிறேன். முறையை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றியிருந்தால்கூடப் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்குமோ என்று சில நேரம் நினைக்கிறேன்.

புதிய முறையில் பேனா வடிவில் இரண்டு இன்சுலின் ஊசிகள். ஒன்றில் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின். இது அமிலத் தன்மையுள்ள கரைசலாகத் தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் சென்றதும் நுண்ணிய துகள்களாகப் படிந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கரையும். இதனாலேயே இதை வேறு எந்த இன்சுலினோடும் ஒரே ஊசியில் கலக்கக் கூடாது. இன்னொன்றில் அஸ்பார்ட் என்ற விரைவு இன்சுலின். சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு போட்டால், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, ஐந்து மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். பழைய 46 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்காகக் குறைத்து, மீதியைப் பாதியாகப் பிரித்து, இரவு ஒன்பது மணிக்கு கிளார்ஜின் 18 யூனிட், மூன்று வேளைக்கும் அஸ்பார்ட் ஆறு ஆறு யூனிட் என்று மருத்துவர் தொடங்கினார். ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பழையபடியே தொடர்ந்தது.

இரண்டு மருந்தும் தண்ணீர் போலத் தெளிவாக இருப்பதால், பழைய கலங்கல் மருந்தைப் போலப் பார்த்தவுடன் அடையாளம் காண முடியாது. கிளார்ஜின் பேனாவுக்கு என் மனைவி சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டி, அதைப் படுக்கையறை அலமாரியில் வைத்தார். அஸ்பார்ட் பேனா சாப்பாட்டு மேசையில் இருக்கும். இரவில் தூக்கக் கலக்கத்தோடு கையை நீட்டினாலும் நூல் விரலில் தட்டுப்படும். இரவு மருந்துக்குப் பதிலாக அதே அளவு விரைவு மருந்தைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்த நூலின் அருமை புரியும்.

முதல் மூன்று வாரங்கள் கிளார்ஜினைச் சரிசெய்வதிலேயே கழிந்தன. மூன்று நாள் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்ப்பது, மூன்றும் 130-க்கு மேல் இருந்தால் இரண்டு யூனிட் கூட்டுவது, எந்த நாளாவது 70-ஐ நெருங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லிக் குறைப்பது என்பதே விதி. 18-இல் 168, 171, 159. 20-இல் 148, 152, 139. 22-இல் 118, 126, 121. அங்கே நிறுத்தினோம். இந்த அடித்தளம் சரியாகாமல், சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்துக்கு ஏற்ப விரைவு மருந்தை அளக்கும் கணக்கைத் தொடங்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரவு முழுவதும் எதுவும் சாப்பிடாத உடம்பில் சர்க்கரை நிலையாக நிற்கவில்லை என்றால், காலையில் நான்கு இட்லி எவ்வளவு ஏற்றியது என்பதை எதை வைத்து அளப்பது?

அதன் பிறகு உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். ஒரு இட்லிக்கு இத்தனை கிராம் மாவுச்சத்து, ஒரு கிண்ணம் சாதத்துக்கு இத்தனை கிராம் என்று அதில் இருந்தது. நான் வீட்டுக்கு வந்து அந்தக் கிண்ணம் எது என்று தேடினேன். எங்கள் வீட்டில் ஐந்து அளவுகளில் கிண்ணங்கள் இருக்கின்றன. மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, "சார், கிண்ணத்த விட்டுடுங்க. ஒரு தராசு வாங்குங்க. உங்க வீட்டு அரிசிய நீங்களே எடை போட்டுப் பாருங்க" என்றார். எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் மிகவும் பயன்பட்டது இதுதான். திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக் கடை ஒன்றில் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்கினேன்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சேர்க்கை அட்டவணைகளில் அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றின் மதிப்புகள் சமைக்காத நிலைக்கே இருக்கின்றன. வீட்டுக்கு வீடு தண்ணீரின் அளவு மாறுவதால், சமைத்த சோற்றுக்குப் பொதுவான எண் ஒன்றைச் சொல்வது கடினம். ஆகவே பச்சை எடையிலிருந்தே கணக்கைத் தொடங்கினேன். சமைக்காத அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. நாங்கள் சமைக்கும் பொன்னிப் புழுங்கலரிசி 150 கிராமைக் குக்கரில் வைத்தோம். அதில் 117 கிராம் மாவுச்சத்து. வெந்தபின் வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பார்த்தால் 420 கிராம் சாதம். 117-ஐ 420-ஆல் வகுத்தால், 100 கிராம் சாதத்துக்கு ஏறக்குறைய 28 கிராம். இதை ஐந்து நாள் செய்தேன். 27-க்கும் 29-க்கும் இடையிலேயே நின்றது. ஆறாம் நாள் என் மனைவி சாதம் குழைய வேண்டும் என்று தண்ணீர் கூட்டி வைத்தார்; அன்று 24. அளந்த தட்டு ஒன்றாகவே இருந்தாலும், குழைந்த சோறு எடைக்கு எடை குறைவாகவே சர்க்கரையைத் தருகிறது என்பது அப்படித் தெரிந்தது.

முதலில் சொன்ன கரண்டிக் கணக்குக்கு இப்போது வருகிறேன். மதியம் மூன்று கரண்டி சாதம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மனைவி பரிமாறினால் 270 கிராம், நானே போட்டுக்கொண்டால் 210 கிராம். இடைப்பட்ட 60 கிராமில் 17 கிராம் மாவுச்சத்து. பின்னால் சொல்லப்போகும் என் கணக்குப்படி, அதற்கு வேண்டிய விரைவு மருந்து இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் சர்க்கரை ஏன் எகிறுகிறது என்று பல ஆண்டுகளாக மீன் குழம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். மீனில் மாவுச்சத்து இல்லை. வார நாட்களில் அலுவலகத்தில் டப்பாவைத் திறந்து நானே கொட்டிக்கொள்கிறேன். ஞாயிறன்று வீட்டில் மனைவி பரிமாறுகிறார். வேறுபாடு அவ்வளவுதான். அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. "இத்தன நாளா நான்தான் உங்களுக்கு ஏத்தி வுட்டேனாங்க?" என்று கேட்டார். அளவு தெரியாமல் இருந்தது இருவருக்கும் பொதுவான குறை என்று சொல்லி, அன்றிலிருந்து தராசின் மேல் என் தட்டை வைத்து, அது 250-ஐக் காட்டும் வரை அவரே சாதம் போடும்படி வைத்துக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்துத் தராசு தேவைப்படவில்லை. அவர் கை பழகிவிட்டது. நான் அவ்வப்போது சோதித்தால் பத்துக் கிராமுக்கு மேல் பிசகுவதில்லை.

இட்லிக்கு மாவிலிருந்து தொடங்கினோம். இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம். அரிசிக்கு 312, உளுந்துக்கு நான் 50 என்று எடுத்துக்கொண்டேன். அரைத்துப் புளித்த மாவு மொத்தம் 1350 கிராம் வந்தது. குழிக்கு 45 கிராம் வீதம் 30 இட்லி. ஆக ஓர் இட்லிக்கு 12 கிராம். அதே மாவில் ஒரு தோசைக்கு 80 கிராம் ஊற்றினால் 21 கிராமுக்கு மேல். நான்கு இட்லியும் இரண்டு தோசையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அறிந்தபோது, தோசையைக் கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கும் பழக்கம் தானாகக் குறைந்தது. சாம்பார் ஒரு கரண்டிக்கு 8, சர்க்கரை போடாத காபியில் 100 மில்லி பாலுக்கு 5, சப்பாத்தி 30 கிராம் மாவுக்கு 20. காய்கறிப் பொரியலை உருளைக்கிழங்கு, சேனை, சர்க்கரைவள்ளி தவிர மற்றவற்றுக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய சோறு எனக்கு ஒரு பாடமே நடத்திவிட்டது. செப்டம்பரில் ஒரு காலை, இரவு தண்ணீரூற்றி வைத்த சோற்றைப் பிழிந்து தட்டில் போட்டு எடை பார்த்தேன்: 270 கிராம். நூற்றுக்கு 28 என்று போட்டு 76 கிராம் எனக் கணக்கிட்டு, 9 யூனிட் போட்டு, மோரும் சின்ன வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் சேர்த்துச் சாப்பிட்டேன். சாப்பிடும் முன் 122 இருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து அலுவலகத்தில் பார்த்தபோது 74. கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. மாலையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான், அந்த 270 கிராமில் சோறு ஊறிக் குடித்த தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்பது விளங்கியது. அன்றிரவு 200 கிராம் சோற்றை எடை போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றி, காலையில் மீண்டும் நிறுத்தேன். அதே சோறு 268 கிராம் காட்டியது. உள்ளே இருப்பது 56 கிராம் மாவுச்சத்துதான். நீராகாரத்தையும் சேர்த்துக் குடித்தாலும் அதற்கு மேல் போகாது. பழைய சோற்றை இரவிலேயே, தண்ணீர் ஊற்றும் முன் எடை போட வேண்டும். 7 யூனிட்டோடு அதே உணவை மூன்று காலைகளில் சாப்பிட்டுப் பார்த்ததில், இரண்டு மணி நேர அளவு 146, 158, 151 என்று ஒழுங்காக வந்தது. பழைய சோறு சாப்பிடக் கூடாது என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். அளந்து சாப்பிட்டால் என் உடம்பு அதை ஏற்கிறது என்பதற்கு என்னிடம் நோட்டு இருக்கிறது.

இந்த 9, 7 என்ற எண்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். ஐந்து வாரங்களுக்குப் பிறகு என் ஒரு நாள் மொத்த அளவு 44 யூனிட்டில் நின்றது. 500-ஐ அந்த மொத்தத்தால் வகுத்தால் ஒரு யூனிட் ஏறக்குறைய எத்தனை கிராம் மாவுச்சத்தைத் தாங்கும் என்பதும், 1800-ஐ வகுத்தால் ஒரு யூனிட் சர்க்கரையை எவ்வளவு இறக்கும் என்பதும் கிடைக்கும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் தொடக்கக் கணக்கு. எனக்கு ஏறக்குறைய 11 கிராம், டெசிலிட்டருக்கு 41 மில்லிகிராம் என்று வந்தது. அது தொடக்கம் மட்டுமே என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நோட்டைப் பார்த்து, காலையில் எட்டுக் கிராமுக்கு ஒரு யூனிட், மதியம் பத்து, இரவு பன்னிரண்டு என்று அவர் பிரித்தார். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் காலையில் மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஒரே நான்கு இட்லி காலையில் 6 யூனிட் கேட்கிறது. இரவில் 4 யூனிட்டோடு அடங்கிவிடுகிறது.

பரோட்டாவுக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தவில்லை. கடையில் வாங்கிய பரோட்டா ஒன்று 85 கிராம் இருந்தது. அதில் பாதிக்குச் சற்று மேல் மாவுச்சத்து என்று கொண்டு, இரண்டுக்கும் 90 கிராம், 7 யூனிட் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் 138 என்று கண்டு மகிழ்ந்து படுத்தேன். காலையில் 214. எண்ணெய் அதிகமான உணவு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குகிறது. விரைவு மருந்து ஓய்ந்த பிறகே அதன் சர்க்கரை இரத்தத்தில் சேர்கிறது. மருந்தைக் கூட்டட்டுமா என்று கேட்டதற்கு மருத்துவர் ஒப்பவில்லை. கூட்டினால் முதல் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்றார். ஒரு பரோட்டாவோடு நிறுத்திக்கொண்டு, அதையும் இரவில் தவிர்த்து மதியத்தில் வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் உறவினர் வீட்டுத் திருமணத்தில் நடந்தது என் தவறு. அடுத்த பந்தியில் உட்காரலாம் என்றார்கள். கைகழுவும் இடத்தில் நின்றபடியே 8 யூனிட் போட்டுக்கொண்டேன். அந்தப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டும் என்று எங்களை எழுப்பிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து நெற்றியில் வியர்த்து, எதிரில் நிற்பவர் பேசுவது தூரத்தில் கேட்பது போலிருந்தது. 61. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொடியில் மூன்று தேக்கரண்டி, சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தேன். 84 வந்த பிறகு எழுந்து சாப்பிடப் போனேன். கொழுக்கட்டை, லட்டு என்று எதையாவது வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நெய்யும் தேங்காயும் சேர்ந்த பண்டம் அந்த நேரத்தில் மெதுவாகவே வேலை செய்யும் என்பதால் மறுத்தேன். இப்போது வெளியே சாப்பிடும்போது, இலையில் சாதம் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பேனாவைத் திறக்கிறேன். என் மூடிய கைப்பிடி அளவு சாதம் 150 கிராம் என்று வீட்டில் அளந்து வைத்திருப்பதால், இலையைப் பார்த்து மதிப்பிட முடிகிறது.

மிகவும் அச்சமூட்டிய நாள் ஃபெஞ்சல் புயலின்போது வந்தது. 2024 நவம்பர் 30 இரவில் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் போய், இரண்டு நாள் வரவில்லை. தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததால் கடைகளும் திறக்கவில்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதால், குளிர்பதனப் பெட்டியில் இருந்த, பேனாவுக்குள் பொருத்தும் மருந்துக் குப்பிகளான நான்கு கார்ட்ரிட்ஜ்களைப் பற்றியே முதலில் கவலைப்பட்டேன். உண்மையில் மழைக் குளிரில் வீட்டின் வெப்பம் 26 டிகிரியைத் தாண்டவில்லை. 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் இந்த மருந்து நான்கு வாரம் தாங்கும். நான் கவனிக்காமல் விட்டது பேனா ஊசிகளை. ஞாயிறு மதியம் கடைசி ஊசி வளைந்துவிட்டது.

அலமாரியைக் குடைந்த என் மனைவி, பழைய நாட்களில் வாங்கி மீந்த சிவப்பு மூடிச் சிரிஞ்சுகள் இரண்டை எடுத்துக் கொடுத்தார். பேனாவிலிருந்து கார்ட்ரிட்ஜைக் கழற்றி, அதன் ரப்பர் முனையில் சிரிஞ்சைச் செருகி 8 என்ற கோடு வரை இழுத்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கார்ட்ரிட்ஜைப் பார்த்தபோது, ஒரு வேளைக்குக் குறைய வேண்டிய அளவைவிட மிகக் கூடுதலாகக் குறைந்திருந்தது. கை அப்படியே நின்றது. சிவப்பு மூடிச் சிரிஞ்சு, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு உரியது. பேனா கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சின் 8 கோடு என்பது 0.2 மில்லி, அந்த மருந்தில் அது 20 யூனிட். என் வேளைக்குத் தேவையானதைப் போல இரண்டரை மடங்கு. வெள்ளம் சூழ்ந்த தெருவில், மின்சாரம் இல்லாத வீட்டில் அதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதவே கை கூசுகிறது. இழுத்ததைக் கழிவுநீரில் விட்டுவிட்டு மருத்துவரை அழைத்தேன். அந்தச் சிரிஞ்சில் என் அளவைச் சரியாக எடுக்க முடியாது, முயல வேண்டாம் என்று சொல்லி, அருகில் பேனா பயன்படுத்துபவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார். இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்காத புது ஊசிகள் நான்கைக் கொடுத்து உதவினார். மிச்சமிருந்த சிவப்பு மூடிச் சிரிஞ்சை அன்றே உடைத்து எறிந்தேன். முறை மாறியவர்கள் வீட்டில் பழைய சிரிஞ்சை வைத்திருக்கவே கூடாது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

புயலுக்குப் பிறகு, ஒரு மண்பானைக்குள் இன்னொரு சிறு பானையை வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பி, உள்ளே கார்ட்ரிட்ஜ்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்துச் சோதித்தேன். மே மாதத்தில் அறை 33 டிகிரியாக இருந்தபோது பானைக்குள் 28. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதால் உள்நாட்டு ஊர்களில் குளிர்வது போல இங்கே குளிர்வதில்லை. இருந்தாலும் கோடையின் மின்வெட்டுக்கு அது போதும்.

எச்பிஏ1சி நவம்பரில் 8.1 ஆகவும், பிப்ரவரியில் 7.3 ஆகவும், மே மாதத்தில் 7.2 ஆகவும் வந்தது. அதிகாலை வியர்வை இந்த ஒன்பது மாதங்களில் ஒரு முறைகூட வரவில்லை. ஒரு நாளைக்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் நான்கு என்ற செலவு மட்டும் குடும்பத்துக்குப் பாரமாகவே இருக்கிறது. மருந்தை அளந்து போட வேண்டுமென்றால் சர்க்கரையை அளந்தாக வேண்டும். அந்த அளவுகோல் இத்தனை விலைக்கு விற்பது ஏழை நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

மே மாதக் கடைசியில் பண்ருட்டியிலிருந்து மைத்துனர் ஒரு முழுப் பலாப்பழம் கொண்டுவந்து இறக்கினார். நான்தான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்துச் சுளை எடுத்தேன். சாப்பிடும் முன் சர்க்கரை பார்த்தால் 312 காட்டியது. ஒரு சுளைகூட வாயில் போடவில்லை. ஐந்து யூனிட் போட்டுச் சரிசெய்துவிடலாமா என்று பேனாவை எடுத்த பிறகுதான் விரல் நுனி பிசுபிசுப்பாக இருப்பதைக் கவனித்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தால் 134. பழத்தின் சர்க்கரை விரலில் ஒட்டியிருந்து இரத்தத் துளியோடு கலந்திருக்கிறது. நோட்டில் அந்த 312-ஐ அடித்து, பக்கத்தில் "கை கழுவவில்லை" என்று எழுதினேன். பிறகு மனைவி தராசில் தட்டை வைத்து, கொட்டை நீக்கிய சுளைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். நான்கு சுளைக்கு 120 கிராம் வந்தது. நூற்றுக்கு 20 கிராம் மாவுச்சத்து என்று எடுத்துக்கொண்டு, மதிய அளவோடு இரண்டு யூனிட் சேர்த்துப் போட்டுவிட்டு, பதினாறு ஆண்டுகளில் முதல் முறையாகப் பலாப்பழத்தை ஒளிவுமறைவின்றி அவர் முன்னாலேயே சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 163.